லிஃப்ட் ஓட்டிய பெண்

வில்லி லயன்ஸ். பெயரைப் பார்த்துவிட்டு ஆண் என்று நினைத்துவிடாதீர்கள். இருபத்தோரு வயதுப் பெண். வாஷிங்டன் நகரத்தில் காங்கிரஸ் ஹால் என்றொரு ஹோட்டல் இருந்தது. அங்கே லிஃப்ட் இயக்குவது இவர் வேலை. மாதம் 35 டாலர் சம்பளம், தினமும் இரண்டு வேளைச் சாப்பாடு. இதைவிட நல்ல வேலை தனக்குக் கிடைக்காது, இதுவே போதும் என்று திருப்தியாக இருந்தார்.

1918-ல் அமெரிக்க நாடாளுமன்றம் வாஷிங்டன் நகருக்கென்று ஒரு சட்டம் போட்டது. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் குறைந்தபட்சக் கூலி. அதற்காக அமைத்த வாரியம், ஹோட்டலில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு மாதம் 71 டாலர் 50 சென்ட்டாவது கொடுத்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

வில்லி லயன்ஸ் துள்ளிக் குதித்திருக்க வேண்டும் அல்லவா? அதுதான் இல்லை. அவருக்கு வேலை போய்விட்டது.

காரணம் ரொம்ப சிம்பிள். சட்டம் பெண்ணுக்கு மட்டும்தான், ஆணுக்குக் கிடையாது. அதே லிஃப்ட்டில் ஓர் ஆணை நிறுத்தினால் என்ன சம்பளம் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். எந்த முதலாளிக்கும் புரிகிற கணக்கு இது.

அந்தப் பெண் கோர்ட்டுக்குப் போனார். என்னைக் காப்பாற்ற வந்த சட்டம் என் வேலையைப் பறித்துவிட்டது, அதை ரத்து செய்யுங்கள் என்பது வழக்கு.

நியாயம்தானே என்று தோன்றுகிறதா? அவசரப்படாதீர்கள். இதே சட்டத்துக்காக ஆயுள் முழுக்கப் போராடியதும் பெண்கள்தான். அவர்களும் முட்டாள்கள் இல்லை. ஒரே இயக்கத்தில் ஒன்றாக நின்று ஓட்டுரிமை வாங்கிய பெண்கள், வாங்கிய கையோடு இந்த ஒரு கேள்வியில் இரண்டாகப் பிரிந்து ஐம்பது வருடம் சண்டை போட்டார்கள். வேலை செய்யும் பெண்ணுக்குத் தேவை தனிப் பாதுகாப்பா, சமத்துவமா?

கதை கொஞ்சம் பின்னால் இருந்து தொடங்குகிறது.

*

ஃப்ளாரன்ஸ் கெல்லி என்ற பெண்மணியை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அப்பா நாடாளுமன்ற உறுப்பினர். மகள் சுவிட்சர்லாந்தில் படித்து, எங்கெல்ஸ் எழுதிய இங்கிலாந்துத் தொழிலாளர்கள் பற்றிய புத்தகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கணவரோடு ஒத்துவரவில்லை. மூன்று குழந்தைகளோடு 1891-ல் சிகாகோ வந்து சேர்ந்தார். அங்கே இருட்டு அறைகளில் கூலிக்குத் துணி தைக்கும் பெண்களையும் குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். 1893-ல் இல்லினாய் மாநிலம், தொழிற்சாலைப் பெண்களுக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. அதை அமல்படுத்தும் தலைமை ஆய்வாளராகக் கெல்லியையே நியமித்தார்கள்.

இரண்டே வருடம். 1895-ல் மாநில உச்ச நீதிமன்றம் எட்டு மணி நேர ஷரத்தைத் தூக்கிக் கடாசிவிட்டது. முதலாளியும் தொழிலாளியும் தங்களுக்குள் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம், அது அவரவர் சுதந்திரம், அதில் அரசாங்கம் மூக்கை நுழைக்கக் கூடாது. இதற்கு 'ஒப்பந்தச் சுதந்திரம்' என்று பெயர். பசித்த வயிற்றோடு நிற்பவளும், சாவகாசமாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரும் சரிசமமாகப் பேரம் பேசுகிறார்களாம்!

1905-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இதே பாட்டைப் பாடியது. நியூயார்க்கில் ரொட்டி சுடும் தொழிலாளிகளுக்கு வாரம் 60 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று இருந்த சட்டத்தை, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ரத்து செய்தது. அதாவது ஆண் தொழிலாளிக்கு வேலை நேரச் சட்டம் என்ற கதவு கிட்டத்தட்ட மூடிவிட்டது.

கெல்லி யோசித்தார். எல்லோருக்கும் கிடைக்காது. பெண்களுக்காவது?

அந்தச் சமயத்தில்தான் போர்ட்லாண்ட் நகரத்துச் சலவைக்கூடம் ஒன்று மாட்டியது. ஒரிகன் மாநிலத்தில் சலவைக்கூடப் பெண்களுக்குப் பத்து மணி நேரம்தான் வேலை என்று சட்டம். கர்ட் முல்லர் என்பவரின் சலவைக்கூடத்தில் 1905 செப்டம்பர் 4 அன்று ஒரு பெண்ணை அதற்கு மேலும் வேலை வாங்கியிருக்கிறார்கள். அன்றைக்கு அமெரிக்காவின் தொழிலாளர் தினம் என்பதுதான் வேடிக்கை. அபராதம் பத்து டாலர். முல்லர் விடவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார்.

கெல்லியும் அவர் தோழி ஜோசஃபின் கோல்ட்மார்க்கும் ஒரு பெரிய வக்கீலைப் பிடித்தார்கள். லூயி பிராண்டைஸ். கோல்ட்மார்க்கின் அக்காள் கணவர். பிற்பாடு உச்ச நீதிமன்ற நீதிபதியாகவே ஆனவர். அவர் தாக்கல் செய்த வாதுரை 113 பக்கம். அதில் சட்டம் பற்றி எழுதியது வெறும் இரண்டு பக்கம்தான்! மீதியெல்லாம் நீண்ட நேர வேலை பெண்ணின் உடம்பை என்ன செய்கிறது என்று டாக்டர்களும் தொழிற்சாலை ஆய்வாளர்களும் பல நாடுகளில் எழுதிவைத்த விவரங்கள். கோல்ட்மார்க்கும் அவர் கூட்டாளிகளும் நூலகங்களில் உட்கார்ந்து திரட்டியவை.

1908 பிப்ரவரி 24. ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகப் பெண்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். கெல்லிக்கு மாபெரும் வெற்றி. அடுத்த சில வருடங்களில் மாநிலம் மாநிலமாகப் பெண்களுக்கு வேலை நேரச் சட்டங்கள் வந்தன. விடிய விடிய வெந்நீரிலும் ஆவியிலும் நின்றவர்களுக்குப் பத்து மணி நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்பது சின்ன விஷயமா?

ஆனால், தீர்ப்பில் ஒரு முள் இருந்தது. பத்து மணி நேரம் ஏன் என்பதற்கு நீதிமன்றம் சொன்ன காரணம், முதலாளி சுரண்டுகிறார் என்பதல்ல. பெண் பலவீனமானவள். எக்காலத்திலும் ஆணைச் சார்ந்து நிற்பவள். நாளைக்குத் தாயாகப் போகிறவள், அதனால் அவள் உடம்பு பொதுச் சொத்து மாதிரி. இதுதான் அதன் சாரம்.

கெல்லிக்கு அப்போது தேவை சட்டம். காரணத்தைப் பற்றிக் கவலைப்பட அவகாசமில்லை. அந்த முள் குத்த ஆரம்பித்தது கொஞ்சம் தாமதமாகத்தான்.

*

1911-ல் நியூயார்க்கில் ட்ரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலை எரிந்து 146 பேர் செத்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் பலர். ஊரே கொதித்தது. அதற்குப் பிறகு வந்த சீர்திருத்தங்களில் ஒன்று, 1913-ன் சட்டம். தொழிற்சாலைகளில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை பெண்கள் வேலை செய்யக்கூடாது.

நல்ல எண்ணம்தான். ஆனால், செய்தித்தாள் அச்சகங்களில் எழுத்துக் கோக்கும் பெண்கள் இருந்தார்கள். ஆண்களோடு ஒரே யூனியனில், ஒரே கூலி வாங்கியவர்கள். பத்திரிகை அச்சாவது ராத்திரியில். நல்ல சம்பளமும் ராத்திரி ஷிஃப்டில்தான். அவர்களை 'உங்கள் நன்மைக்காக' என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள். எட்டு வருடம் அலைந்து, 1921-ல்தான் விதிவிலக்கு வாங்கினார்கள் அந்தப் பெண்கள்.

அடுத்து டிராம் வண்டி. முதல் உலகப் போரில் ஆண்கள் சண்டைக்குப் போனதும் பெண்கள் கண்டக்டர் ஆனார்கள். 1919-ல் போர் முடிந்து ஆண்கள் திரும்பிய நேரத்தில், டிராமில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு இரவு வேலை கூடாது, நேரக் கட்டுப்பாடு உண்டு என்று புதுச் சட்டம் வந்தது. கம்பெனிக்கு எல்லா நேரத்துக்கும் ஆள் வேண்டும். நூற்றுக்கணக்கான பெண்களைச் சீட்டுக் கிழித்தார்கள்.

உச்சக்கட்ட வேடிக்கை, ஓட்டல் சட்டம். நியூயார்க் மாநிலத்தின் பெரிய நகரங்களில் ராத்திரி பத்து மணிக்கு மேல் பெண்கள் உணவகத்தில் வேலை பார்க்கக்கூடாது. 1924-ல் உச்ச நீதிமன்றமே சரி என்று சொல்லிவிட்டது. யாருக்கு விலக்கு தெரியுமா? அதே உணவகத்தில் பாடும் பெண்களுக்கு. சீமாட்டிகள் கோட்டுக் கழற்றி வைக்கும் அறையில் நிற்கும் பெண்களுக்கு. அதாவது நடுராத்திரியில் தட்டு ஏந்தினால் உடம்பு கெட்டுவிடும், பாட்டுப் பாடினால் கெடாது! ராத்திரியெல்லாம் மண்டி போட்டு அலுவலகத் தரை துடைத்த பெண்களைப் பற்றியோ சட்டம் வாயே திறக்கவில்லை. அந்த வேலைக்கு ஆண்கள் போட்டிக்கு வரவில்லை பாருங்கள்.

*

இங்கேதான் ஆலிஸ் பால் வருகிறார். கெல்லியைவிட 25 வயது சின்னவர். ஓட்டுரிமைக்காக வெள்ளை மாளிகை வாசலில் ஆட்களை நிறுத்தி, 1917-ல் சிறைக்குப் போய், உண்ணாவிரதம் இருந்து, மூக்கில் குழாய் சொருகி உணவு ஊற்றப்பட்டவர். 1920-ல் ஓட்டுரிமை கிடைத்ததும் சட்டம் படித்தார். அவருடைய தேசியப் பெண்கள் கட்சி ஒரே ஒரு கோரிக்கையைக் கையில் எடுத்தது. அரசியல் சட்டத்தில் ஒரே ஒரு திருத்தம் வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை என்று.

கெல்லி பதறிப்போனார். அவரும் ஆலிஸின் கட்சியில் இருந்தவர்தான். 1921 டிசம்பரில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசிப் பார்த்தார்கள். சம உரிமை என்று எழுதிவிட்டால் நாங்கள் ரத்தம் சிந்தி வாங்கிய பத்து மணி நேரச் சட்டம் என்னாகும் என்பது கெல்லியின் கேள்வி. பெண்ணுக்கென்று தனிச் சட்டம் இருக்கும்வரை அவள் அரை மனுஷிதான் என்பது ஆலிஸின் பதில். 'பாதுகாப்புச் சட்டங்களைத் தவிர' என்று ஒரு வரி சேர்த்துவிடலாமே என்று கேட்டார்கள். விஸ்கான்சின் மாநிலம் அப்படி ஒரு வரியோடு 1921-ல் சமத்துவச் சட்டம் போட்டிருந்தது. என்ன நடந்தது? சட்டமன்ற அலுவலகத்தில் பெண்களுக்கு வேலை கிடையாது, அங்கே நேரம் காலம் இல்லாத வேலை, தடை அவர்களின் பாதுகாப்புக்குத்தான் என்று அந்த ஒரு வரியைக் காட்டியே 1923-ல் அரசு வக்கீல் சொல்லிவிட்டார்! யானை நுழைய அந்த ஓட்டை போதும்.

பேச்சு முறிந்தது. கெல்லி விலகினார்.

இப்போது வில்லி லயன்ஸுக்கு வருவோம். 1923 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி சதர்லாண்ட், முன்பு ஆலிஸ் பாலுக்குச் சட்ட யோசனைகள் சொன்னவர். பெண்களுக்குத்தான் ஓட்டுரிமை வந்துவிட்டதே, இனி ஆணுக்கு இல்லாத தனிக் கட்டுப்பாடு பெண்ணுக்கு எதற்கு என்று கேட்டார். பெண்களுக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் காலி.

லிஃப்ட் ஓட்டிய பெண் ஜெயித்தார். ஆனால், அவரைப் போல வேலை போகாமல், அந்தக் கூலியை நம்பியிருந்த மற்றப் பெண்களுக்குக் காலுக்குக் கீழே தரையே இல்லாமல் போனது. அடுத்தடுத்து வேறு சில மாநிலங்களின் கூலிச் சட்டங்களும் விழுந்தன. நியூயார்க் பத்திரிகை ஒன்றில் கார்ட்டூன் போட்டார்கள். நீதிபதி ஓர் ஏழைப் பெண்ணிடம் தீர்ப்பை நீட்டுகிறார், பட்டினி கிடக்கும் அரசியல் சட்ட உரிமையை உறுதி செய்திருக்கிறோம் அம்மணி என்று!

அதே வருடம் ஆலிஸ் பால் தம் சம உரிமைத் திருத்தத்தை அறிவித்தார். டிசம்பரில் அது நாடாளுமன்றத்துக்கு வந்தது. தொழிற்சங்கப் பெண்களில் பெரும்பாலோர் எதிர்த்து நின்றார்கள்.

அடுத்த பல வருடங்கள் ஒரே ரகளைதான். 1926-ல் அரசின் பெண் தொழிலாளர் துறை நடத்திய மாநாட்டில் ஆலிஸின் ஆட்கள் புகுந்து குரல் எழுப்பினார்கள். துறைத் தலைவி மேரி ஆண்டர்சன், சுவீடனிலிருந்து வந்து செருப்புத் தொழிற்சாலையில் தைத்தவர். ஆலிஸின் கட்சிக்குப் பணம் கொடுத்தவர்களில் கோடீஸ்வரச் சீமாட்டிகள் உண்டு. பணக்காரிகளுக்குத் தத்துவம், எங்களுக்குச் சோறு என்று ஒரு பக்கம். எங்களை நோஞ்சான்கள் ஆக்கிவிட்டீர்கள் என்று மறுபக்கம்.

ஆண்டர்சனின் துறை பெரிய ஆய்வே நடத்தி, 1928-ல் அறிக்கை கொடுத்தது. மொத்தத்தில் பாதுகாப்புச் சட்டங்களால் பெண்களுக்கு வேலை இழப்பு பெரிதாக இல்லை என்று. நான் பி.காம். படித்தவன். மொத்தக் கணக்கு எனக்கும் பிடிக்கும். ஆனால், ஆற்றின் ஆழம் சராசரி நாலடிதான் என்று நம்பி இறங்கியவன் நடு ஆற்றில் முழுகிப்போன கதை உங்களுக்கும் தெரியும். சலவைக்கூடத்தில் பெரும்பாலும் பெண்கள்தான் இருந்தார்கள், சட்டம் அவர்களுக்குக் குடை. அச்சகத்திலும் டிராமிலும் ஆண்களோடு போட்டி, அங்கே அதே சட்டம் கதவடைப்பு. கெல்லி முதல் பெண்ணைப் பார்த்தார், ஆலிஸ் இரண்டாவது பெண்ணைப் பார்த்தார். இரண்டு பேரும் பார்த்தது உண்மைதான்.

*

முடிச்சு அவிழ்ந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தம். வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு ஹோட்டல். (இந்தக் கதையில் ஹோட்டல்களுக்கு என்ன பங்கோ!) எல்சி பாரிஷ் என்ற அறை துப்புரவுப் பணிப்பெண், சட்டப்படி தனக்கு வரவேண்டிய பாக்கிக் கூலி 216 டாலர் 19 சென்ட் கேட்டு வழக்குப் போட்டார். 1937 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கில் அவர் பக்கம் சாய்ந்தது. 1923 தீர்ப்பைக் குப்பையில் போட்டது. பேரம் பேசச் சக்தி இல்லாத தொழிலாளியைச் சட்டம் காப்பாற்றலாம் என்று ஒப்புக்கொண்டது.

அப்போது தொழிலாளர் அமைச்சர் ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண். ட்ரையாங்கிள் தொழிற்சாலை எரிந்தபோது தெருவில் நின்று கண்ணால் பார்த்தவர். கெல்லியின் பட்டறையில் உருவானவர். கதவு திறந்தது தெரிந்ததும் 1938-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி, வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு. யாருக்கு? ஆணா பெண்ணா என்று சட்டம் கேட்கவே இல்லை. வேலை செய்கிறவருக்கு.

முப்பது வருடச் சண்டைக்கு விடை இவ்வளவுதானா என்று தோன்றும். ஆமாம், இவ்வளவுதான். ஆனால், முதலில் பெண்களுக்கு என்று திறந்த சந்து வழியாகத்தான் எல்லோருக்குமான பாதை வந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. அதைப் பார்க்கக் கெல்லி இல்லை. 1932-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

குறையும் இருந்தது. வீட்டு வேலைக்காரர்களையும் பண்ணைக் கூலிகளையும் அந்தச் சட்டம் சேர்த்துக்கொள்ளவில்லை. வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் செய்தது அந்த இரண்டு வேலைகளைத்தான். வீட்டு வேலை செய்பவர்களுக்கு அது கிடைக்க 1974 வரை ஆனது.

*

பழைய சட்டங்கள் ஒழிந்ததா? இல்லை. மாநிலப் புத்தகங்களில் சும்மா படுத்திருந்தன. 1964-ல் சிவில் உரிமைச் சட்டம் வந்தபோது, இன பேதத்தோடு ஆண்-பெண் பேதமும் கூடாது என்று ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னவர் ஹோவர்ட் ஸ்மித். கறுப்பின மக்களுக்கு உரிமை தருவதையே எதிர்த்த தெற்கத்திக்காரர். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை என்றுதான் பலர் நினைத்தார்கள். ஆனால், ஆலிஸின் கட்சிக்காரர்கள் அவரிடம் கேட்டுவைத்திருந்தார்கள். 168-க்கு 133 என்று நிறைவேறியே விட்டது.

லொரீனா வீக்ஸ், ஜார்ஜியாவில் தொலைபேசிக் கம்பெனி ஊழியர். 1966-ல் அதிகச் சம்பளமுள்ள ஸ்விட்ச்மேன் வேலைக்கு மனுப்போட்டார். முடியாது என்றார்கள். பெண்கள் 30 பவுண்டுக்கு மேல் தூக்கக்கூடாது என்று விதி. கிலோவில் சொன்னால் பதினாலுகூட இல்லை. மூன்று வயதுக் குழந்தையின் எடை! வீட்டில் அதைத் தூக்காத அம்மா உண்டா? இன்னொரு கூத்து, அவருடைய ஆபீஸ் டைப்ரைட்டரின் எடையே 34 பவுண்டு. அதைத் தினமும் தூக்கி வைப்பது அவர் வேலை. நானா தூக்கக்கூடாது, சரி, டைப்ரைட்டரையும் தூக்கமாட்டேன் என்று மறுத்தார். 1969-ல் மேல்முறையீட்டில் ஜெயித்தார். அந்த மாதிரிச் சட்டங்கள் வரிசையாக உதிர்ந்தன. 1973-ல் தொழிற்சங்கக் கூட்டமைப்பே சம உரிமைத் திருத்தத்துக்கு ஆதரவாக மாறியது.

திருத்தம் என்னாயிற்று? 1972-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 38 மாநிலங்கள் ஏற்க வேண்டும். 1982 கெடுவுக்குள் வந்தவை 35. மிச்சம் மூன்றில் கடைசியாக வர்ஜீனியா 2020-ல் ஏற்றுக்கொண்டது, கெடு முடிந்து 38 வருடம் கழித்து. இதுவரை அரசியல் சட்டப் புத்தகத்தில் ஏறவில்லை. ஆலிஸ் பால் 1977-லேயே காலமாகிவிட்டார்.

அந்தப் பழைய முள் கடைசியாகக் குத்தியது, ரொம்பக் கொடூரமாக. 1978-ல் மேற்கு வர்ஜீனியாவில் அமெரிக்கன் சயனமிட் கம்பெனி. ஈயச் சாயம் தயாரிக்கும் பிரிவு. ஈயம் கருவுக்குக் கெடுதல், அதனால் பிள்ளை பெறும் வாய்ப்புள்ள பெண்களுக்கு அங்கே வேலை கிடையாது என்றார்கள். ஐந்து பெண்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டார்கள், வேலையைக் காப்பாற்றிக்கொள்ள. ஈயத்தைக் குறைக்க வழி பார்க்கவில்லை. பெண்ணை அப்புறப்படுத்தினார்கள். ஆணின் உடம்பையும் ஈயம் விட்டுவைப்பதில்லை என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இன்னொரு பேட்டரிக் கம்பெனி வழக்கில், இப்படித் தடை போடுவது சட்டவிரோதம் என்று 1991-ல்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது.

*

அமெரிக்கா எங்கேயோ இருக்கிறது, நமக்கென்ன என்கிறீர்களா? பெண்களுக்கு இரவு வேலைத் தடை என்பது 1906-ல் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து போட்ட ஒப்பந்தம். 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு அதை உலகத்துக்கே விதியாக்கியது. நம்முடைய 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் 66-வது பிரிவாக வந்து உட்கார்ந்தது. மாலை ஏழு முதல் காலை ஆறு வரை பெண்ணுக்குத் தொழிற்சாலையில் வேலை இல்லை என்று இருந்தது. நர்ஸுக்கு இந்தத் தடை இருக்கவில்லை, கவனித்தீர்களா?

2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஷரத்தைச் செல்லாது என்றது. வெறுமனே கதவைத் திறந்துவிடவில்லை. வீடு வரை வாகனம், பாதுகாப்பு, ஓய்வறை என்று நிபந்தனைகள் போட்டது. கெல்லியும் ஆலிஸும் சேர்ந்து எழுதினால் ஏறக்குறைய அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

கேள்வி தீர்ந்துவிடவில்லை. 2017-ல் மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினார்கள். மிக நல்ல விஷயம். ஆனால், ஈ.எஸ்.ஐ. வளையத்துக்கு வெளியே இருக்கும் வேலைகளில் மொத்தச் சம்பளமும் அந்தந்தக் கம்பெனியின் தலையில். இரண்டு பேர் இன்டர்வியூவுக்கு வருகிறார்கள், ஓர் ஆண், ஒரு பெண். மனதுக்குள் கணக்குப் போடாத முதலாளி எத்தனை பேர்? பிள்ளை பெறுவது பெண் மட்டும்தான். அதற்கான செலவையும் அவளுடைய முதலாளி மட்டும்தான் சுமக்க வேண்டுமா, ஊர் கூடித் தேர் இழுக்கக்கூடாதா? அப்பாவுக்கும் விடுப்பு என்று எழுதினால் அந்தக் கணக்கு மாறாதா?

இனிமேல் பெண்களின் பாதுகாப்புக்காக என்று ஒரு சட்டமோ ஆபீஸ் விதியோ வரும்போது, இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். அது வேலையில் உள்ள ஆபத்தைக் குறைக்கிறதா, வேலையிலிருந்து பெண்ணைக் குறைக்கிறதா? அதற்கான செலவு யார் கணக்கில் விழுகிறது?

1918-ல் அந்தச் சட்டம், பெண்ணுக்கு மாதம் 71 டாலர் 50 சென்ட் என்று சொல்லாமல், லிஃப்ட்டில் நிற்பவர் யாராக இருந்தாலும் இவ்வளவு கொடு என்று சொல்லியிருந்தால்? வில்லி லயன்ஸை அனுப்பிவிட்டு ஓர் ஆணை நிறுத்துவதில் ஹோட்டல்காரருக்கு ஒரு சென்ட்டும் மிச்சமாகியிருக்காது.